கடல் கடந்த ஆசிரியரும் கையோடு சென்ற பிள்ளைகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஓர் இலக்கிய வட்டத்திற்குப் பத்தாண்டு என்பது வேர் ஊன்றிவிட்டதைக் காட்டும் காலம். ஒரு குழந்தைக்கோ அது மொழி முழுவதும் அமைந்துவிடும் காலம். ஐந்து வயதில் மயிலாப்பூரைவிட்டுப் புறப்பட்ட குழந்தை, பத்தாண்டு கழித்துத் திரும்பும்போது பதினைந்து வயதுப் பிள்ளையாகத் திரும்புகிறது. எந்த மொழியில் சினம் கொள்வது, எந்த மொழியில் எண்ணிக் கணக்கிடுவது, எந்த மொழியில் நூல் படிப்பது என்பனவெல்லாம் அந்த இடைவெளியில் முடிவாகிவிடுகின்றன. எனவே பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வவையில், ஆங்கிலம் கற்பிக்கும் பணியேற்றுப் பிள்ளைகளோடு அயல்நாடு சென்ற ஆசிரியர்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

தமிழர் கடல் கடந்த வரலாற்றில் பெரிதும் பேசப்படுவோர் இரு திறத்தார். கரும்புக்கும் தேயிலைக்கும் இரப்பருக்கும் கொண்டு செல்லப்பட்ட உழைப்பாளர் ஒரு திறத்தார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார் மற்றொரு திறத்தார். பின்னாளில் மருத்துவரும் பொறியாளரும் கணிப்பொறி வல்லுநரும் இவ்வரிசையில் சேர்ந்தனர். இவர்களுக்கிடையே, எண்ணிக்கையில் சிறிதாய், ஓசையின்றிப் போய்வந்த கூட்டம் ஒன்று உண்டு. அதுவே ஆசிரியர் கூட்டம். அவர்கள் கொண்டுசென்ற மூலதனம் ஆங்கிலம். அம்மொழி அவர்களுக்கும் தாய்மொழியன்று. அவர்கள் சென்ற நாட்டார்க்கும் தாய்மொழியன்று. இரவலாகப் பெற்ற ஒன்றை மூன்றாமவர்க்குக் கைமாற்றி, அதனால் வாழ்வு தேடிக்கொண்ட வரலாறு அவர்களுடையது. அந்த வாழ்வுக்காகத் தம் விருப்பம் கேட்கப்படாமலே உடன் சென்றவர்கள் அவர்தம் பிள்ளைகள்.

சென்னையில் விளைந்த ஆங்கிலம்

ஆங்கிலத்தைப் பிறநாட்டுக்கு அனுப்பும் அளவிற்குச் சென்னையில் அது எவ்வாறு விளைந்தது என்பதை முதலில் காண வேண்டும். கடற்கரையில் மாநிலக் கல்லூரியும், 1914-இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரியும், மயிலாப்பூரில் 1946-இல் தோன்றிய விவேகானந்தா கல்லூரியும் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கின. பட்டம் பெற்றவருள் ஒரு பகுதியினர் அலுவலகங்களுக்கும் மற்றொரு பகுதியினர் வகுப்பறைகளுக்கும் சென்றனர். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் இருந்த பழம்பெரும் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் தமிழிலக்கணத்திற்கு நிகரான ஒழுங்கோடு கற்பிக்கப்பெற்றது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் பல வீடுகளில் தலைமுறைச் சொத்தாக விளங்கியது.

விடுதலைக்குப் பின்னர் ஆங்கிலம் கற்பிப்பதே தனித்துறையாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனம் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு அன்றைய சென்னை மாநிலத்தில் பெரும் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியே பலருக்கும், அப்பலர் வழியே மேலும் பலருக்கும் பயிற்சி பரவச் செய்வது அத்திட்டத்தின் முறை. உருள உருளப் பெருகும் பனியுருண்டையின் பெயரால் துறையினர் அதனை அழைத்தனர். ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களை எட்டுவது அதன் இலக்கு. ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் உலகோர் உற்றுநோக்கிய ஆய்வுக்களமாகச் சென்னை அந்நாளில் விளங்கியது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

திறமை இருந்தது, ஊதியம் இல்லை. பள்ளியாசிரியரின் ஊதியத்தில் வீட்டு வாடகையும் அரிசியும் போக மிஞ்சியது சிறிதே. 1966 சூன் 6-ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ரூ. 4.76-ஆக இருந்த அமெரிக்க டாலர் ஒரே நாளில் ரூ. 7.50 ஆயிற்று. அயல்நாட்டு ஊதியத்தின் மதிப்பு, இந்தியக் கணக்கில், ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. அடையாற்றில் ஒரு மனை, மூத்த பெண்ணின் திருமணம், தம்பியின் கல்லூரிப் படிப்பு என்று கடமைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவருக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கியது. ஆசை உந்தித் தள்ளிய பயணமாக அதனைக் கொள்வதற்கில்லை. கடமை உந்திய பயணம் அது. ஆனால் கடமைக்கும் விலை உண்டு.

எத்தியோப்பியாவின் அழைப்பு

அழைப்பு முதலில் வந்த இடங்களுள் முதன்மையானது எத்தியோப்பியா. 1936 முதல் 1941 வரை அந்நாடு இத்தாலியின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் அந்நாட்டுக் கற்றோருள் பெரும்பகுதியினர் கொன்றொழிக்கப்பட்டனர். 1941 மே மாதம் தலைநகர் திரும்பிய பேரரசர் ஹெய்லி செலாசி கல்வியை மீண்டும் அடியிலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. தொடக்கப் பள்ளிகளில் அம்ஹாரிக் மொழியும், உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாயின. பள்ளிகள் எழுந்தன, ஆசிரியர் இல்லை. அவர்கள் இந்தியாவிலிருந்து பெருமளவில் வரவழைக்கப்பட்டனர். அவ்வாறு சென்றோருள் கேரளத்தினர் மிகுதி. தமிழ்நாட்டினரும் உடன் இருந்தனர். தலைநகரில் மட்டுமன்றித் தொலைவிலிருந்த சிற்றூர்ப் பள்ளிகளிலும் இந்திய ஆசிரியரின் குரல் ஒலித்தது.

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம்; உதகமண்டலத்தினும் உயர்ந்தது. மெரீனாக் காற்றில் வளர்ந்த குழந்தைக்கு அங்கே முதலில் வாய்த்தவை கம்பளியும் குளிரும். ஆயினும் அந்நாட்டில் அயன்மை தோன்றாத சிலவும் இருந்தன. டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா, தோசையைக் கண்ட கண்ணுக்குப் புதிதன்று. பொழுதைக் கதிரவன் எழுவதிலிருந்து எண்ணுவது அந்நாட்டு வழக்கம். காலை ஏழு மணியை அவர்கள் ஒரு மணி என்பர். நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்து தொடங்கிய தமிழ்ப் பாட்டிக்கு அது வியப்பளித்திராது. ஆண்டுக்குப் பதின்மூன்று திங்கள். முதற் பன்னிரண்டும் முப்பது நாள் கொண்டவை. ஐந்தோ ஆறோ நாள் கொண்டது பதின்மூன்றாவது.

எல்லாவற்றினும் வியப்பானது அவர்தம் எழுத்து. மெய்யும் உயிரும் கூடி ஒரே வடிவாக நிற்கும் முறை அது. முப்பத்து மூன்று அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவங்கள் என 231 எழுத்துகளை அந்நாட்டுக் குழந்தை வரிசையாக ஓதும். பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் கூடி 216 உயிர்மெய் ஆவதைத் திண்ணையில் ஓதி வளர்ந்த மரபினர்க்கு இது உறவின் முறையாகவே தோன்றும். இந்த ஒப்புமையை எத்தனை இந்தியக் குழந்தைகள் உணரும் வாய்ப்புப் பெற்றன? ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற தந்தையின் பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படித்தது. அதன் இருபுறமும் இரு தொன்மையான உயிர்மெய் வரிசைகள் நின்றன: வீட்டில் தமிழ், தெருவில் அம்ஹாரிக். இரண்டனையும் எழுதப் படிக்கத் தெரியாமலே அக்குழந்தை இருபத்தாறு எழுத்துகளில் வளர்ந்தது.

அந்நாளில் தமிழுக்கும் பிள்ளைக்கும் இடையே எஞ்சிய பாலம் வான்வழி மடல். மயிலாப்பூரிலிருந்தோ மாம்பலத்திலிருந்தோ தாத்தா எழுதும் நீலத்தாள் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து சேரும். பெரியவர்கள் மறுமொழி எழுதி முடித்தபின், கடைசியில் எஞ்சிய இரண்டு விரற்கடை இடம் பிள்ளைக்கு ஒதுக்கப்படும். ‘நான் நலம், நீங்கள் நலமா’ என்ற அந்த இரு வரியே பல பிள்ளைகளின் தமிழ் எழுத்துப் பயிற்சி முழுவதும். அதற்குமேல் எழுத மடலிலும் இடமில்லை. எழுதும் பொருளும் பிள்ளையிடம் தமிழில் இல்லை.

1974 செப்டம்பர் 12-ஆம் நாள் பேரரசர் பதவியிறக்கப்பட்டார். படைத்துறையினரின் ஆட்சியும் குருதிக் கொந்தளிப்பும் தொடர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஆசிரியர் பலர் நாடு திரும்பினர். வேறு நாடுகளுக்குப் பெயர்ந்தோரும் உளர். இரண்டாயிரத்திற்குப் பின் எத்தியோப்பியா புதிய பல்கலைக்கழகங்கள் பலவற்றைத் திறந்தபோது இந்தியப் பேராசிரியர்கள் மீண்டும் அங்குச் சென்றனர் என்பதும் நினைவிற்குரியது. மாலத்தீவின் சிறு தீவுப் பள்ளிகளிலும் தென்னாட்டு ஆசிரியர்கள் பணிபுரிந்து வந்துள்ளனர். ஆகவே முடிந்துபோன கதையாக இதனை ஒதுக்கிவிட இயலாது.

நைஜீரியாவும் திரும்பிய பிள்ளைகளும்

எத்தியோப்பியாவின் கதவு சாத்தப்பட்ட காலத்தில் நைஜீரியாவின் கதவு திறந்தது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தது. அச்செல்வத்தைக் கொண்டு, 1976-இல் அந்நாடு அனைவர்க்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தை அறிவித்தது. பள்ளிகள் பெருக, அயல்நாட்டு ஆசிரியர்களின் தேவையும் பெருகிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் ஆசிரியர்கள் சென்றனர். ஹவுசா, யொருபா, இக்போ என்னும் பெருமொழிகளும் நூற்றுக்கணக்கான சிறுமொழிகளும் வழங்கும் நாட்டில், எல்லார்க்கும் பொதுவாகவும் எவர்க்கும் உரியதல்லாததாகவும் ஆங்கிலம் நின்றது. இந்தியரான ஆசிரியர்க்கு அந்நிலைமை விளங்காத ஒன்றன்று.

எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்தது. 1986-இல் நைரா நாணயத்தின் மதிப்புப் பெரிதும் வீழ்ந்தது. ரூபாயின் வீழ்ச்சி 1966-இல் எவ்வாறு ஆசிரியரை அயல்நாட்டிற்கு அழைத்ததோ, அவ்வாறே நைராவின் வீழ்ச்சி அவரைத் தாயகத்திற்கு அனுப்பியது. இரண்டு நாணயங்களின் ஏற்றத்தாழ்வுக்கிடையே ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் கழிந்தது.

பிள்ளைகளை என்ன செய்வது என்ற வினாவிற்கு அக்குடும்பங்கள் பொதுவாக மூன்று விடைகளைக் கண்டன. சிலர் இறுதிவரை உடன் வைத்துக்கொண்டனர். சிலர் குறிப்பிட்ட வகுப்பு வந்ததும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினர். சிலர் சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் விட்டனர். முதல் வழியில் தமிழ் போயிற்று. இரண்டாம் வழியில் பெற்றோரின் அண்மை போயிற்று. மூன்றாம் வழியில் தமிழ் கிடைத்தது. ஆனால் தாய் தந்தையர் ஆண்டிற்கொருமுறை வரும் விருந்தினராயினர். எவ்வழியாயினும் ஏதோ ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெற வேண்டியிருந்தது. இம்மூன்றனுள் எது சரி என்று வெளியிலிருப்போர் தீர்ப்புக் கூறுவது எளிதன்று, தக்கதும் அன்று.

திரும்பி வந்த பிள்ளைக்குச் சென்னையில் காத்திருந்தது என்ன? ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கை. அங்கே மொழிப்பாடமாகத் தமிழைக் கொள்ளலாம், கொள்ளாமலும் விடலாம். வடமொழியோ இந்தியோ பிரெஞ்சோ எடுத்தால் மதிப்பெண் மிகும் என்று அறிவுரை கூற ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருந்தார். அயல்நாட்டில் பத்தாண்டு காத்த அரைகுறைத் தமிழையும் மயிலாப்பூருக்கு வந்தபின் கைவிட்ட பிள்ளைகள் பலர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் பயில்வதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது. 1970-களில் சில பத்துகளாக இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பின்னர் ஆயிரக்கணக்காகப் பெருகின என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். கடல் கடந்த பிள்ளை தமிழை இழந்தது என்று இரங்குவோர், கடலே கடக்காத பிள்ளை தியாகராய நகரில் இருந்தபடியே இழந்ததற்கு என்ன விடை கூறுவர்?

வகுப்பறையும் மனச்சான்றும்

இனி, ஆசிரியரின் பக்கம் ஒரு கடினமான வினா உண்டு. 1965 சனவரியில் தமிழ்நாடு தன் மொழிக்காகக் கிளர்ந்தெழுந்தது. 1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அந்த நாட்டிலிருந்து புறப்பட்டவர், மற்றொரு நாட்டின் வகுப்பறையில் நின்று, அந்நாட்டுக் குழந்தையின் தாய்மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பணியைச் செய்தார். அவருக்கு அது தோன்றியதா?

ஆப்பிரிக்க எழுத்தாளரிடமிருந்து இதற்கு வந்த விடை கூர்மையானது. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1938-இல் பிறந்தவர், 2025-இல் மறைந்தவர். பள்ளி வளாகத்தில் தாய்மொழியான கிகூயுவில் பேசிப் பிடிபட்ட மாணவனுக்குப் பிரம்படி கிடைத்ததையும், இழிசொல் பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நேர்ந்ததையும் அவர் எழுதியுள்ளார். 1968-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, இருவரோடு சேர்ந்து, ஆங்கிலத் துறையையே நீக்கி ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவாக வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். 1977-இல் தம் ஊர் மக்களோடு கிகூயு மொழியில் நாடகம் நிகழ்த்தியதன் விளைவாகச் சிறைப்பட்டார். சிறையில் கழிப்பறைத் தாளில் அவர் கிகூயுவில் எழுதிய நாவல் தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என வந்தது. ஆங்கிலத்தில் புகழ் பெற்ற ஒருவர், அம்மொழியில் படைப்பதை நிறுத்திக்கொண்டு தம் மொழிக்குத் திரும்பிய நிகழ்ச்சி அது.

சென்னைப் பள்ளி வளாகங்களிலும் தமிழில் பேசினால் தண்டம் என்ற வழக்கம் இருந்ததை இவ்வவையில் பலர் அறிவர். ஆயினும் ஆசிரியரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. ஆங்கிலத்தைக் கேட்டது அந்நாடு. அதனால் உயர்ந்தவர் அந்நாட்டுப் பிள்ளைகள். தந்தை ஏர் உழ, மகன் மருத்துவரானதற்கு அந்த ஆங்கில வகுப்பும் ஒரு காரணம். வேண்டுவது பழி கூறுதலன்று. இந்த இருமுகத்தையும் மறையாமல் கூறுதல். அதனைக் கூறத்தக்க இடம் இலக்கியமே.

எழுதப்பட்டதும் எழுதப்பட வேண்டியதும்

இலக்கியம் அதனைக் கூறியதா? எத்தியோப்பியாவிற்கு ஆசிரியராகச் சென்ற கேரளத்துப் பெற்றோர்க்கு 1955-இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர் ஆபிரகாம் வர்கீஸ். அங்கே தொடங்கிய மருத்துவப் படிப்பைப் புரட்சி தடுத்தது. அதனைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்து 1979-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 2009-இல் ‘கட்டிங் ஃபார் ஸ்டோன்’ என்ற நாவலை எழுதினார். மதராசிலிருந்து கப்பலேறும் கன்னிகாஸ்திரீ ஒருவரின் கதை எத்தியோப்பியாவில் விரிகிறது. ஆசிரியர் பிள்ளைகளின் உலகம் இவ்வாறு உலக இலக்கியத்தில் இடம் பெற்றது, ஆனால் ஆங்கிலத்தில். தாயின் மொழியில் அது எழுதப்படாமற் போனதற்கு அப்பிள்ளையைக் குறை கூற இயலாது. எம்மொழியில் பள்ளி அமைந்ததோ அம்மொழியில் எழுத்து அமைந்தது.

தமிழில் ஆப்பிரிக்கா வராமலில்லை. ஈழத்தவரான அ.முத்துலிங்கம் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பணிபுரிந்து, அம்மண்ணின் மாந்தரைத் தம் சிறுகதைகளில் உலவவிட்டார். 1996-இல் வந்த ‘வம்ச விருத்தி’ முதலிய தொகுதிகள் அதற்குச் சான்று. ஆனால் அவர் கணக்கியல் கற்றவர், ஆசிரியரல்லர். நைஜீரியரான சினுவா அச்செபே 1958-இல் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலை என்.கே.மகாலிங்கம் ‘சிதைவுகள்’ எனத் தமிழாக்கினார். இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பட்டறிவிலிருந்து ‘ஏசுவின் தோழர்கள்’ நாவலைத் தந்தார். அவர் கற்பித்தது இந்தியத் தத்துவமும் பண்பாடும். ஆங்கிலம் கற்பிக்கச் சென்று, தம் பிள்ளையின் நாவில் தமிழ் தேய்வதை நாள்தோறும் கண்ட தந்தையின் கதை, தாயின் கவிதை, இவற்றிற்குரிய இடம் தமிழில் இன்னும் விரிவாகக் காத்திருக்கிறது.

இங்கு ஏ.கே.ராமானுஜனை நினைவுகூர்வது பயன் தரும். மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கொல்லத்திலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் ஆங்கிலம் கற்பித்தவர். 1959-இல் அமெரிக்கா சென்றவர். 1962-இல் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிச் சென்றபோது உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு அவர் கைக்கு எட்டியது. 1967-இல் அவர்தம் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் வெளிவந்து, சங்கக் கவிதையை உலகின்முன் வைத்தது. வீட்டில் அன்னையிடம் கேட்ட தமிழ், கடல் கடந்தபின் நூலகத்தில் விழித்தெழுந்தது. நூல் அங்கே இல்லாதிருந்தால் விழித்திராது. அந்நூலைப் பதிப்பித்தவர் ஒருவர். கடல் கடந்து அதனை வாங்கி வைத்தவர் ஒருவர். மொழி காக்கப்படுவது ஒருவரின் பற்றினால் மட்டுமன்று.

குடும்பம் மட்டும் போதுமா?

இக்கருத்திற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1994 வரை ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. போர்ச் சூழலில் அமெரிக்கா சென்று, அங்கும் ஆங்கிலக் கல்வித் துறையிலேயே பணியாற்றிப் புகழ் பெற்றார். ஆங்கிலக் கல்வியின் ஆதிக்கத்தை எதிர்கொள்ளும் வழிகளைப் பற்றி 1999-இல் நூல் எழுதினார். ஆங்கில ஆசிரியரான அவரே பின்னர் இலண்டன், டொராண்டோ, கலிபோர்னியா ஆகிய இடங்களில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களில் தமிழ் தேய்வதை ஆராய்ந்து, 2008-இல் கட்டுரை வெளியிட்டார். வீட்டில் பெற்றோர் பேசினால் மொழி தானே நிலைத்துவிடும் என்ற எளிய நம்பிக்கையை அவ்வாய்வு கேள்விக்கு உட்படுத்தியது. குடும்பம் ஒரு தீவன்று. ஆங்கிலத்தின் மேல் பெற்றோர் தாயகத்திலிருந்தே கொண்டுவந்த மதிப்பும், சாதி, பால் வேற்றுமைகளிலிருந்து ஆங்கிலம் விடுவிக்கும் என்ற எண்ணமும் வீட்டுக்குள் நுழைந்து வேலை செய்கின்றன. எனவே தமிழ் தேய்ந்ததற்குத் தாயை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது.

அவ்வாறாயின் பிள்ளைக்குத் தமிழ் எவ்வாறு அமையும்? இதற்கு விடை தேட வெகுதொலைவு போக வேண்டியதில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகள் சிலவற்றில் ஓர் ஆய்வு நடத்தினார். இலக்கண விதிகளை ஓதுவிப்பதை விடுத்து, தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைத் தந்து, அவற்றைக்கொண்டு சிக்கல்களைத் தீர்க்கும் பணியை மாணவர்க்கு அளித்தார். பொருளில் மனம் ஈடுபடும்போது மொழி உள்ளே படிகிறது என்பது அம்முறையின் அடிப்படை. 1987-இல் அது நூலாக வந்து உலகெங்கும் ஆங்கில ஆசிரியரிடையே பேசப்பட்டது. பின்னர் அவர் சிங்கப்பூர் சென்று அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

ஆங்கிலத்திற்காகச் சென்னை கண்ட அம்முறையைத் தமிழுக்குப் பயன்படுத்தினால் என்ன? அயல்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் விழா மேடையில் ஒப்பிக்கும் குறளாகவும், விளக்கேற்றும்போது பாடும் பாட்டாகவும் நின்றுவிடுகிறது. ஒப்பித்தல் முடிந்ததும் தமிழும் முடிந்துவிடுகிறது. அப்பிள்ளைக்குத் தமிழில் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் வேண்டும். பாட்டியின் கைக்குறிப்பைப் படித்துப் பார்த்து வற்றல் குழம்பு வைக்கட்டும். எழும்பூரிலிருந்து தஞ்சைக்குப் போகும் வழியைத் தமிழ் அட்டவணை பார்த்துச் சொல்லட்டும். தான் வாழும் ஊரைப் பற்றிச் சென்னையில் உள்ள பிள்ளைக்குத் தமிழில் எழுதட்டும். அதற்கு உண்மையான மறுமொழி வரட்டும். மடலின் கடைசி இரு வரியைப் போலன்றி, சொல்வதற்குப் பொருளும் கேட்பதற்கு ஆளும் இருந்தால் தமிழ் தானே நடக்கும்.

ஒன்று தெளிவு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் தமிழ்க் குழந்தை அதனைப் படிக்கிறது. அங்கும் வீட்டுப் பேச்சில் ஆங்கிலம் ஏறிவருகிறது. பள்ளி இருந்தும் வீடு தளர்ந்தால் போதாது. வீடு இருந்தும் பள்ளி இல்லையேல் போதாது. இரண்டும் இருந்தும், அம்மொழியில் பிள்ளை படிக்க விரும்பும் எழுத்து இல்லையேல் அப்போதும் போதாது. மூன்றாவதாகிய அந்த எழுத்தைத் தரத்தக்கவர் இவ்வவையில் அமர்ந்திருப்போரே.

வட்டத்தின் முன் உள்ள பணிகள்

பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, தொகுத்தல். ஆப்பிரிக்க வகுப்பறைகளிலிருந்து திரும்பிய ஆசிரியர்கள் மயிலையிலும் மந்தைவெளியிலும் பெசன்ட் நகரிலும் முதுமையடைந்து வாழ்கின்றனர். ஆண்டுதோறும் அவர்தம் எண்ணிக்கை குறைந்து வருகிறது. அவர்களிடம் உள்ள மடல்களும் நாட்குறிப்புகளும் பழைய தாள் கடைக்குப் போகுமுன் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகைய செல்வங்களைக் காக்க வல்லவை.

இரண்டாவது, எழுதுதல். அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கென்று எழுதும்போது தாயகத்தின் பெருமையை மட்டும் அடுக்கிக்கொண்டிருக்க வேண்டா. அப்பிள்ளை காணும் பனியும், மலையும், வேற்று மொழித் தோழனும் தமிழில் வரட்டும். முல்லையும் குறிஞ்சியும் வகுத்த மரபு, நிலத்தைக் கண்டு அஞ்சிய மரபன்று. புதிய நிலத்திற்குப் புதிய உரிப்பொருள் காணக் கவிஞர்க்கு உரிமையுண்டு.

மூன்றாவது, செவி கொடுத்தல். இதுவே எளியது, இதுவே அரியதும் ஆகும். குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழ்வது தமிழர் வழக்கம். பதினைந்து வயதில் அயல்நாட்டிலிருந்து திரும்பிய பிள்ளை, ‘ழ’கரம் தடுமாற, பன்மையும் ஒருமையும் மயங்க, தாத்தாவை ‘நீ’ என்றழைத்துத் தமிழ் பேசும்போது மட்டும் வீட்டில் சிரிப்பொலி எழுகிறது. அந்தச் சிரிப்பில் தீமை இல்லை, அன்பே உண்டு. ஆனால் அப்பிள்ளை அன்று வாய் மூடிக்கொள்கிறது. அடுத்த நாள் ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற தந்தை, ஆயிரம் அயல்நாட்டு மாணவரின் தவறான ஆங்கிலத்தைச் சிரிக்காமல் கேட்டுத் திருத்தியவர். அந்தப் பொறுமையில் ஒரு பங்கேனும் தமிழ் அவைகள் தம் பிள்ளைகளிடம் காட்டுமாயின், போன தமிழில் ஒரு பகுதி மீளும்.

இவ்வட்டத்தின் கவியரங்குகளில் இனி, பிழையோடு தமிழ் பேசும் பிள்ளை ஒன்றிற்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்படுவதாக. பத்தாண்டுப் பணி பல்லாண்டாக வளர்வதாக.